ஏழாம் நம்பருக்குப் பின்னால்

மகள் ஓடத் தொடங்கியதற்குக் காரணம் தூக்கம். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. அப்போது எட்டாம் வகுப்பில் இருந்தாள். அம்மா எழுப்பி எழுப்பித் தொண்டை வற்றிப்போய், கடைசியில் போர்வையை உருவி, தலையைப் பாதி பின்னி அனுப்பி வைத்தாள். அவள் குடியிருப்பு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது ஏழாம் நம்பர் பஸ் நகர்ந்துவிட்டது. பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவளைப் பெற்றவர்.

டிரைவர் பக்கக் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பின்படியில் நின்ற கண்டக்டரும் பார்த்தார்.

"அண்ணே, நம்ம பாப்பா வருது."

"நீ மணி அடிச்சப்போ ஸ்டாப்புல இருந்தாளா?"

"இல்ல."

"அப்புறம் என்ன."

அந்த மனுஷனுடைய ஒரே பெருமை நேரம்தான். நேரத்துக்கு முன்னால் எடுத்ததில்லை, பின்னால் எடுத்ததில்லை. ஒருமுறை மனைவியின் தம்பியையே பெட்டியும் கையுமாக நடுத்தெருவில் நிற்கவிட்டுவிட்டு வந்தவர். அந்த மனத்தாங்கல் தீர்ந்து மச்சினன் வீட்டுப் படியேற வெகுநாள் ஆயிற்று. அப்படிப்பட்டவர் மகளுக்காக மட்டும் பிரேக்கில் கால் வைப்பாரா?

அவள் ஓடினாள். பால் கடை நிறுத்தத்தில் பஸ் நின்றபோது தெருமுனையில் தெரிந்தாள். சந்தையில் கூட்டம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது வந்து பிடித்தேவிட்டாள். பின்சீட்டுக்காரர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஏறு ஏறு என்றார்கள். அவள் ஏறவில்லை. நேராக டிரைவர் ஜன்னலுக்கு வந்து, பையைக் கழற்றி உள்ளே எறிந்தாள். அது என்ஜின் மூடியின்மேல் தொப்பென்று விழுந்தது.

"பை மட்டும் வரட்டும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து, பையைப் பார்த்து, "இதுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா?" என்று கேட்டார். டிரைவர் கண்ணாடியை லேசாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் மனைவி ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கிறவள் அவள். கோபம் வந்தால் மெஷினை வேகமாக மிதிப்பாள். அன்று மெஷின் சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டது. "ஊரான் பிள்ளைக்கெல்லாம் நிறுத்துற கால், பெத்த பொண்ணுக்கு நிக்கலையா?"

"ஊரான் பிள்ளைங்க ஸ்டாப்புல வந்து நிக்குதுங்க."

மகள் இடையில் புகுந்தாள். "அப்பா, நாளைக்கும் ஓடட்டுமா?"

"எதுக்கு?"

"ஸ்கூல் வாசலுக்கு உங்களுக்கு முன்னாடி போயிடணும். ஒரே ஒரு நாள். ஆனா ஒரு கண்டிஷன். எனக்காக ஒரு நொடிகூட நிக்கக்கூடாது. மெதுவாவும் ஓட்டக்கூடாது. ஓட்டுனா எனக்குத் தெரியும். அப்புறம் உங்ககூடப் பேசவே மாட்டேன்."

அவர் யோசித்தார். அந்த வயதில் ஒரு பிள்ளை அப்பனிடம் என்னென்னவோ கேட்கும். இவள் கேட்டது அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த காரியம். "சரி" என்றார். "நிக்கமாட்டேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் பை பஸ்ஸில் போகும், பிள்ளை பின்னால் வரும். ரயில்வே கேட் மூடியிருந்தால் அவளும் பஸ்ஸின் பக்கத்தில் நின்று காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருப்பாள். அப்பாவை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். யாராவது ஜன்னல் வழியாகத் தண்ணீர் நீட்டினால், "பந்தயத்துல எதிராளிகிட்ட வாங்கிக் குடிக்கக்கூடாது" என்பாள். ஏழாம் நம்பருக்குப் பின்னால் அரையாக ஒன்று வருகிறது என்று கண்டக்டர் அவளுக்கு 'ஏழரை' என்று பேர் வைத்தார். பஸ் முழுக்க அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. "ஏழரை எங்கய்யா வருது?" என்று கேட்பதும், "எனக்குப் பின்னாடி ரொம்ப வருஷமா வருது" என்று இன்னொருவர் சொல்வதும், சிரிப்பதும். அவளுடைய அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "உலகத்துல வேற பேரே கிடைக்கலையா அந்தப் பாவிக்கு?" என்று கண்டக்டரை வாழ்நாள் முழுவதும் திட்டினாள்.

பஸ்ஸில் சில நிரந்தர ஆட்கள் உண்டு. சந்தையில் இறங்கும் பூட்டு ரிப்பேர்க்காரர், இடுப்பில் சாவிக்கொத்து கலகலக்க வருவார். வெயிலோ மழையோ குடையோடு வரும் ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர், லைப்ரரியில் இறங்கிப் பேப்பர் படிப்பார். அவருக்குக் குடைக்காரர் என்று பேர். கடைசி நிறுத்தமான ஆஸ்பத்திரி வரை போகும் நர்ஸம்மா. இவர்களுக்கெல்லாம் காலையில் காபியைவிட ஏழரை முக்கியமாகிவிட்டாள். எங்கே பிடிப்பாள், எங்கே விடுவாள் என்று பேசிக்கொள்வார்கள். எல்லா நாளும் விடுவது ஒரே இடத்தில்தான். லைப்ரரிக்கு அடுத்து மேட்டடி நிறுத்தம்; அங்கிருந்து பள்ளி வாசல்வரை ஒரே ஏற்றம், நடுவில் நிறுத்தமே கிடையாது. பஸ் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும். அவள் முனகாமல் ஏறுவாள். ஆனாலும் பஸ்தான் முந்தும்.

பள்ளி விளையாட்டு விழாவில் முதலாவதாக வந்தபோது அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. பள்ளிகளுக்கிடையிலும் முதலாவதாக வந்தாள், மாவட்டத்திலும் வந்தாள், மாநிலத்துக்குப் போனாள். எங்கே ஓடினாலும் ஒரு வினோதம் இருந்தது. சீறிக்கொண்டு போவாள், திடீரென்று தளர்ந்து மூச்சு வாங்கிக்கொள்வாள், பின்னால் வருகிறவர்கள் சரி, இவள் அவ்வளவுதான் என்று நெருங்கும்போது மறுபடி சீறுவாள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால், உடன் ஓடுகிற பிள்ளைகள் நிலைகுலைந்து போவார்கள். விளையாட்டு டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏம்மா நடுவுல நடுவுல விட்டுடுற?"

"அங்க ஆளு ஏறுவாங்க டீச்சர்."

டீச்சர் ஒருநாள் காலை ஏழாம் நம்பரில் ஏறிப் பார்த்தார். பள்ளி வாசலில் இறங்கும்போது டிரைவரிடம், "நான் இனி ஒண்ணும் சொல்லப்போறதில்ல சார். நீங்க நேரத்துக்கு வந்தா போதும்" என்றார்.

பதினோராம் வகுப்பில் மூவாயிரம் மீட்டரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான மாநிலச் சாதனையை முறித்தாள். அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்து அசையாமல் கிடந்த சாதனை. நேரம் பார்த்தவர்கள் மூன்று பேரும் தங்கள் கடிகாரத்தை நம்பாமல் மற்றவருடையதை வாங்கிப் பார்த்தார்களாம். டிரைவர் அன்று டியூட்டியில் இருந்தார். டெப்போவில் வண்டியை விட்டுவிட்டு வந்தபோது டைம்கீப்பர் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, "டீச்சர் போன் பண்ணாங்க. உங்க பொண்ணு ரெக்கார்டாம்" என்றார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பப் போய் வண்டியில் ஏறி, சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி வந்தார்.

ஊர் திரும்பியவளிடம், "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"போர்ப்பா. சுத்திச் சுத்தி வரணும். எவ்வளவு ஓடினாலும் கிளம்புன இடத்துக்கே கொண்டுவந்து விட்டுடுது."

பேப்பரில் வந்த சின்னப் படத்தைக் கண்டக்டர் வெட்டி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் 'புகை பிடிக்காதீர்' பலகைக்குக் கீழே ஒட்டினார். பரிசோதகர் ஒருவர் ஏறி, பஸ்ஸில் சொந்தப் படம் ஒட்டக்கூடாது என்று ஆரம்பித்தவர், பின்சீட்டில் கூச்சல் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். படத்தில் இருந்த பிள்ளை பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தாள். பேசாமல் டிக்கெட்டுகளைச் சரிபார்த்துவிட்டு இறங்கிப்போனார்.

அடுத்த வருஷம் தன் சாதனையைத் தானே இன்னொரு முறை முறித்தாள். ஆனால் ஏழாம் நம்பரை இன்னும் முந்தவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை வந்துவிட்டது. அது முடிந்தால் வெளியூர்க் கல்லூரி. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை.

கடைசிப் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு ஒரு காலை. சந்தையில் பூட்டு ரிப்பேர்க்காரரின் சாவிக்கொத்து படியில் அவிழ்ந்து சிதறியது. ஒவ்வொரு சாவியாகப் பொறுக்கினார். ஊரில் உள்ள பூட்டுகளெல்லாம் அவரிடம்தான் இருப்பதுபோல் இருந்தது. லைப்ரரியில் நர்ஸம்மா கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறை கேட்டார். கண்டக்டர் பையைத் துழாவிக்கொண்டே இருந்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். மகள் வந்து, பஸ்ஸைக் கடந்து போனாள்.

"தம்பி, என்ன நடக்குது பின்னாடி?"

"ஒண்ணும் இல்லண்ணே. சில்லறை."

டிரைவருக்குப் புரிந்துவிட்டது. மணி அடிக்காமல் அவர் எடுக்க முடியாது. மேட்டடியை நெருங்கும்போது அவளைப் பிடித்துக் கடந்துகூட விட்டார். ஆனால் அந்த நிறுத்தத்தில் குடைக்காரர் இறங்க எழுந்தார். ஒரு காலைக் கீழே வைத்தார். மேலே எடுத்தார். குடையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பினார். குடை கையிலேயே இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரமாயிற்று.

அன்று ஏழரை பள்ளி வாசலுக்கு முதலில் போய்ச் சேர்ந்தாள். பஸ் வந்து நின்றபோது உள்ளே ஒரே கைதட்டல். அவளும் இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தாள். டிரைவர் பையை எடுத்துக் கொடுத்தார். அவருடைய கால் எந்தத் தப்பும் செய்யவில்லை. இருந்தும் அவளுடைய கண்ணைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை அவள் குடியிருப்பு வாசலில் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றாள். பஸ் வந்ததும் ஏறினாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக. கண்டக்டர் தயங்கிக்கொண்டே டிக்கெட் கொடுத்தார். அவள் முன்னால் வந்து, என்ஜின் மூடியில் கையை ஊன்றிக்கொண்டு எல்லாரையும் பார்த்தாள்.

"நேத்து ஜெயிச்சது நீங்க. நான் இல்ல."

அவள் குடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"குடைக்காரத் தாத்தா, மேட்டடியில உங்களுக்கு என்ன வேலை? திரும்பி நடந்துதானே போனீங்க லைப்ரரிக்கு?"

குடைக்காரர் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முட்டி வலிக்கு நடக்கச் சொல்லியிருக்காரு டாக்டர்" என்றார். பூட்டு ரிப்பேர்க்காரர் சிரிப்பை அடக்கமுடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் கடைசிப் பரீட்சை. நாளைக்கு ஓடுவேன். எல்லாரும் ஒழுங்கா ஏறணும், ஒழுங்கா இறங்கணும். எங்கப்பா ஒரு நாள்கூட எனக்காக நிக்கல. அதனாலதான் நான் வேகமா ஓடுறேன். நீங்க கெடுத்துடாதீங்க."

டிரைவர் முன்னால் சாலையையே பார்த்தார். சாலை கொஞ்சம் கலங்கித் தெரிந்தது. கியரை மாற்றினார்.

அதற்குப் பிறகு அந்த ஜனங்கள் செய்ததுதான் வேடிக்கை. சொன்னால் சொன்னபடி கேட்கவும் தெரியாது அவர்களுக்கு. மறுநாள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வரிசை கட்டி நின்றார்கள். சில்லறையைச் சரியாகக் கையில் வைத்திருந்தார்கள். பூட்டு ரிப்பேர்க்காரர் சாவிக்கொத்தைச் சட்டைக்குள் போட்டு முடிந்து, சந்தை வருவதற்கு முன்பே படிக்கு வந்துவிட்டார். குடைக்காரர் தடையாக இருக்கக்கூடாதென்று குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். அன்று பார்த்துத் தூறல். லைப்ரரியில் அவர் இறங்கிய வேகத்தில் முட்டி வலி என்ன ஆயிற்றோ தெரியாது. ஏழாம் நம்பர் பஸ் அதற்கு முன்னும் அப்படி ஏறி இறங்கியதில்லை, பின்னும் இல்லை.

அவள் அந்தப் பஸ்ஸோடு ஓடினாள்.

மேட்டடியில் பின்படிக்கு வந்துவிட்டாள். ஏற்றத்தில் கண்டக்டருக்குச் சரியாக ஓடினாள். கண்டக்டர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், ஊக்கம் சொன்னால் அதுவும் உதவியாகிவிடுமோ என்று. பிறகு நடு ஜன்னல். பிறகு முன்சக்கரம். டிரைவர் பக்கத்தில் அவளுடைய மூச்சு கேட்டது. அவர் கால் எப்போதும் வைக்கும் இடத்தில் இருந்தது. அதை அங்கேயே வைத்திருப்பது அவர் வாழ்க்கையில் செய்த மிகக் கஷ்டமான வேலை. பள்ளி வாசலில் பஸ் நின்றபோது அதன் மூக்கு மட்டும் முன்னால் இருந்தது.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழையும் வியர்வையும் சொட்டின.

"விட்டுக் கொடுத்தீங்களா?"

"இல்ல."

"கூட மிதிச்சீங்களா?"

"இல்லம்மா. சத்தியமா. உங்கம்மா மேல."

"அதென்ன அம்மா மேல? உங்க மேல பண்ணுங்க."

"சரி, என் மேல."

"அப்ப சரி" என்றாள். முகம் மலர்ந்து போயிருந்தது. முந்தாநாள் ஜெயித்தபோது அப்படி இல்லை. "ஒரு நாள் முந்துவேன்." பையை வாங்கிக்கொண்டு பரீட்சைக்குப் போனாள்.

கல்லூரிக்குப் போன இரண்டாம் வருஷம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் பயிற்சி கூடிப்போனதால் என்றார்கள். பிறகு ரத்தம் பார்த்தார்கள். அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வைத்தியம் ஏழாம் நம்பர் போய் முடியும் ஆஸ்பத்திரியில்தான். வாடகைக் கார் வைக்கலாம் என்று அம்மா சொன்னாள், அவள் கேட்கவில்லை. அப்பாவின் பஸ்ஸில், அப்பாவுக்குப் பின்சீட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். தலைக்குத் துணி கட்டியிருந்தாள். பக்கத்தில் நர்ஸம்மா உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார்.

ஒருநாள் சந்தை தாண்டும்போது அவள் திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, பின்னாடி வர்றா பாருங்க."

"யாரு?"

"ஏழரை. இப்பதான் பால் கடை தாண்டுறா. இன்னிக்கும் லேட்டா எந்திரிச்சிருக்கா போல, பாதி பின்னல்."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். காலியாகக் கிடந்தது சாலை. "ஆமா" என்றார். "ரயில்வே கேட்டுல பிடிச்சுடுவா."

"கேட் திறந்திருக்கே."

"அப்ப லைப்ரரி."

அன்றிலிருந்து அது தினசரி வழக்கமாகிவிட்டது. ஒருத்தர் மாற்றி ஒருத்தர், பின்னால் ஓடிவரும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எங்கே வருகிறாள் என்று சொல்லுவார்கள். பூட்டு ரிப்பேர்க்காரர் இறங்கும்போது, "கிட்ட வந்துட்டா, ஜாக்கிரதை" என்று டிரைவரை எச்சரித்துவிட்டு இறங்குவார். குடைக்காரர் மட்டும் உண்மையிலேயே திரும்பிப் பார்ப்பார்.

அந்த வருஷம்தான் வேறு ஊர்ப் பிள்ளை ஒருத்தி அவளுடைய மாநிலச் சாதனையை முறித்தாள். டீச்சர் பஸ்ஸில் ஏறி, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சொன்னார். மகள் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"அவ எந்த பஸ் பின்னாடி ஓடுனாளாம் டீச்சர்?"

டீச்சர் சிரித்துவிட்டார். சிரித்து முடிப்பதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி நாட்களில் அவளால் படியேற முடியவில்லை. கண்டக்டர் தூக்கி ஏற்றுவார். அதற்கு நேரம் பிடிக்கும். அவள் டிரைவரைப் பார்த்து, "இது எனக்காக நிக்கிறதுல சேருமா?" என்று கேட்டாள்.

"சேராது. பயணி ஏறுற நேரம் அது. எல்லாருக்கும் உண்டு."

"அந்தப் பந்தயம் இன்னும் முடியல, தெரியும்ல? அவ பின்னாடி வந்துட்டே இருக்கா. நீங்க நின்னுடக்கூடாது."

"நிக்கமாட்டேன்" என்றார் அவர், எட்டாம் வகுப்பில் சொன்ன அதே மாதிரி.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

டிரைவர் வேலைக்குத் திரும்பிய முதல் காலையில் மனைவி வாசல்வரை வந்தாள். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு, "மெதுவா ஓட்டுங்க" என்றாள். வழக்கமாக எல்லா மனைவிமாரும் சொல்வதுதான். சொன்னபிறகு அவளுக்கே ஏதோபோல் ஆகிவிட்டது. "இல்ல, எப்பவும்போல ஓட்டுங்க" என்று மாற்றிச் சொன்னாள்.

பஸ்ஸில் எல்லாரும் இருந்தார்கள். சந்தை வந்தது, பூட்டு ரிப்பேர்க்காரர் இறங்கவில்லை. லைப்ரரி வந்தது, குடைக்காரர் இறங்கவில்லை. சாவிக்கொத்தும் குடையும் அப்படியே வந்துகொண்டிருந்தன. மேட்டடியில் நிறுத்தினார். இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறி முடிந்தது. மணி அடிக்கவில்லை.

என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். கண்டக்டர் மணிக்கயிற்றில் கைவைத்தபடி, பின்னால் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் முழுவதும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி, மணி?"

"கொஞ்சம் நிக்கட்டுமேண்ணே. இன்னிக்கு ஒரு நாள்."

டிரைவர் கையைத் தூக்கி என்ஜின் மூடியில் வைத்தார். பை இருக்கும் இடம். கதகதப்பாக இருந்தது.

"வேண்டாம்ப்பா" என்றார். "அவ திட்டுவா."

கண்டக்டர் கயிற்றை இழுத்தார். டிரைவர் கியரைப் போட்டார். பஸ் முனகிக்கொண்டு ஏற்றத்தில் ஏறத் தொடங்கியது. அவருடைய கால் எப்போதும் வைக்கும் இடத்தில் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பாதி ஏற்றத்தில் குடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டிரைவர், எங்க வர்றா இப்ப?"

அவர் கண்ணாடியில் பார்த்தார்.

"பின்படிக்கு வந்துட்டா" என்றார்.